வாரத்துக்கு மூன்று ஐயங்கள்

சுற்றுச்சூழல் பொறியியல் துறைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்காக. மழைத்தண்ணீர் போவதற்கென்று வெட்டிய அதில் கறுப்பாக ஏதோ ஒன்று நகர்ந்து வந்து, மதில்சுவருக்கு அடியில் புகுந்து, பின்பக்கத்துத் தெருவில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாற்றம் துறையின் இரண்டாவது மாடிவரை ஏறும். மூன்றாவது மாடிக்கு வராது. துறைத்தலைவரின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது.

இந்த வாய்க்காலைச் சுத்தம் செய்வதுதான் இறுதியாண்டு மாணவர்களின் குழு வடிவமைப்புத் திட்டம். பதினான்கு வருடங்களாக இதே வாய்க்கால்தான். வருடத்துக்குப் பன்னிரண்டு குழு, குழுவுக்கு ஐந்து பேர், ஒவ்வொரு குழுவுக்கும் கெட்டி அட்டை போட்டுத் தங்க எழுத்து பொறித்த ஓர் அறிக்கை. நூலகத்தில் இரண்டு பீரோ நிறைந்து, மூன்றாவதுக்கு விண்ணப்பம் போயிருந்தது. எல்லா அறிக்கைகளின் கடைசிப் பக்கத்திலும் வாய்க்கால் எண்பது சதவீதமோ தொண்ணூறு சதவீதமோ சுத்தமாகியிருந்தது. அந்த அறிக்கைகளை வாய்க்கால் படிக்கவில்லை. வேறு யாரும்கூடப் படிக்கவில்லை.

பின்பக்கத்துத் தெருவாசிகள் நகராட்சிக்கு இரண்டு தடவை மனுக் கொடுத்தார்கள். ‘மேற்படி வாய்க்காலில் வல்லுநர்கள் ஆய்வு நடத்தி வருவதால் நாங்கள் குறுக்கிட இயலாது’ என்று பதில் வந்தது. தெருவாசிகள் அதை நான்காக மடித்து மின்கட்டண ரசீதுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள்.

அந்தத் தெருவில்தான் பிளம்பர் மகளின் வீடு. வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். முதல் நாள் அறிமுகத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தாள். வாசலில் தேங்கும் தண்ணீரைத் தாண்ட அம்மா மூன்று கற்களைப் போட்டிருந்தாள். இரண்டாவது கல் கொஞ்சம் ஆடும். போன மழையில் அதில் வழுக்கி விழுந்து அம்மாவுக்குக் காலில் ஏற்பட்ட புண் இரண்டு மாதமாகச் சீழ் வைத்து, இப்போதுதான் வாய் மூடியிருந்தது.

நகரக் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. ஏழாம் மாதம் முதல் தேதி, பட்டச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆள். பட்டத்துக்கு மிச்சமிருந்தது இந்த ஒரே ஒரு திட்டம்தான். சுத்தம் செய்ய வேண்டியது அவள் வீட்டு வாசலில் கிடக்கிற தண்ணீரையே என்று தெரிந்ததும், பாவம், அவள் சந்தோஷப்பட்டாள்.

தொடக்க விழாவில் துறைத்தலைவர் மேடையேறினார்.

“மாணவச் செல்வங்களே! தனியாகச் சிந்திக்கிற பொறியாளரின் காலம் முடிந்துவிட்டது. இனி அறிவு ஒருவர் தலைக்குள் இருக்காது. ஐந்து தலைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் இருக்கும். அந்த இடைவெளியை உருவாக்குவதுதான் இந்தத் துறையின் பணி!”

பிறகு இடைவெளியை உருவாக்கும் பயிற்சி நடந்தது. ஐந்து பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரை ஐந்து கயிறுகளில் பிடித்துத் தூக்கி, நடைக்கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோக வேண்டும். பன்னிரண்டு வாளியும் வழியிலேயே கவிழ்ந்தன.

“நீங்கள் கொட்டியது தண்ணீர் அல்ல, தயக்கம்!” என்று துறைத்தலைவர் கைதட்டினார்.

“தயக்கத்தை இப்ப யாரு துடைக்கிறது?” என்று கேட்டபடி பெருக்கும் அம்மாள் துணியை எடுத்தார்.

அடுத்தது சீட்டுக் குலுக்கல். ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பொறுப்புகள்: தலைவர், பதிவாளர், நேரக்காப்பாளர், நல்லிணக்க அலுவலர், ஐயமெழுப்புநர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் கோட்டு என்று பெயர் வாங்கியிருந்த மாணவன் தலைவர் ஆனான். நேரக்காப்பாளருக்கு ஒரு மேசைமணி கொடுத்தார்கள். பிளம்பர் மகளின் சீட்டில் ஐயமெழுப்புநர் என்று இருந்தது.

அந்தப் பொறுப்புக்கான விதி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. பதினேழாம் விதி. துறைத்தலைவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டது: ‘ஐயமெழுப்புநர் ஒரு கூட்டத்தில் மூன்று ஐயங்கள் எழுப்பலாம். அவற்றுக்கு எழுத்தில் பதில் தந்து, அவர் கையெழுத்துப் பெறும்வரை, எந்த வடிவமைப்பும் ஓர் அடிகூட நகரக்கூடாது.’ ஒரே நாளில் நான்காவது ஐயம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். அடுத்த வாரம்வரை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று திட்ட ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். துறையின் எல்லா விதியும் அவருக்கு மனப்பாடம். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் மட்டும் யோசிப்பார்.

முதல் கூட்டத்திலேயே அவள் தன் முதல் ஐயத்தை எழுப்பினாள். வாய்க்காலை எப்போது போய்ப் பார்ப்பது?

“கள ஆய்வுக்கு முன்மொழிவு எழுதி அனுமதி வாங்கணும்” என்றார் ஒருங்கிணைப்பாளர். “அஞ்சு வாரம் ஆகும்.”

“நான் தினமும் அதைத் தாண்டித்தான் சார் வர்றேன்.”

“நீ போறதும் வர்றதும் வீட்டுக்கு. அது கள ஆய்வு ஆகாதும்மா.”

ஐந்து வாரம் கழித்து அனுமதி வந்தது. அறுபது பேரும் வெள்ளை அங்கியும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் வரிசையில் நின்றார்கள். இரண்டடி அகல வாய்க்காலுக்கு மேலே வானத்தைத் தவிர விழுவதற்கு எதுவும் இல்லை. குழுவுக்கு ஏழு நிமிடம். அதில் நான்கு நிமிடம் புகைப்படத்துக்குப் போனது. மிச்ச மூன்று நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாதிரி எடுக்கும் புட்டிகளின் சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்ததால் யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. எடுத்ததாகக் குழுக்களின் பதிவாளர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் வரைபடத்தை விரித்தாள். ஐந்து தொட்டி, இரண்டு வடிகட்டி, ஒரு காற்றூதி. கோட்டு சேர்க்கச் சொன்னதால் மேலே ஒரு சூரியத் தகடு. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த அழுக்கு எங்கேருந்து வருது?”

“அது எங்க பாடத்திட்டத்துல இல்லப்பா.”

அப்பா சிரிக்கவில்லை. “காலையில ஒம்பது மணிக்கு வாய்க்கால் பெருகுது. மத்தியானம் ஒண்ணரைக்குப் பெருகுது. ஞாயித்துக்கிழமை வத்திப்போகுது. காலேஜ் மாதிரியே லீவு விடுற சாக்கடைய நான் எங்கேயும் பார்த்ததில்ல பாப்பா.”

நான்கு வருடம் படித்தவள் அவள். கடிகாரத்தைப் பார்த்தவர் அப்பா.

மறுநாள் ஒரு பொட்டலம் சிவப்புச் சாயப்பொடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். குழாய் எங்கே போகிறது என்று தெரியாத இடத்தில் குழாய்க்காரர்கள் எல்லாரும் செய்வதுதான் இது. துறையின் தரைத்தளக் கழிவறையில் பொடியைக் கொட்டி ஃப்ளஷ் செய்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் மதிலுக்கு வெளியே நின்றிருந்தார். நான்கு நிமிடம் ஆயிற்று.

“வந்துருச்சு பாப்பா. செக்கச்செவேல்னு வருது.”

மதிலுக்கு வெளியே தெருவோரத்தில் இருந்த மூடியை அப்பா கடப்பாரையால் நெம்பித் திறந்தார். துறைக் கட்டடத்தின் கழிவறைக் குழாய் ஊர்ப் பாதாளச் சாக்கடையில் சேர வேண்டியது. கட்டடம் கட்டும்போது அவசரத்தில் எவனோ அதை மழைநீர் வாய்க்காலில் மாட்டிவிட்டுப் போயிருந்தான். சேர வேண்டிய சாக்கடைக் குழி நான்கடி தள்ளித் தேமே என்று இருந்தது.

“குழாயைத் திருப்ப ஒரு எல்போ மூட்டு, நாலடி பைப்பு” என்றார் அப்பா. “அரை நாள் வேலை. இதுக்கா பதினாலு வருஷம் படிக்கிறாங்க?”

இதற்குள் துறையில் வேறொரு களேபரம். இரண்டாம் மாடி ஜன்னல் வழியாகச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்த ஐந்தாம் குழு, ‘காலமுறைச் செந்நிற மாசு’ என்று தனி அத்தியாயமே எழுதிவிட்டது. நாங்கள்தான் முதலில் பார்த்தோம் என்று ஒன்பதாம் குழு சண்டைக்கு வந்தது. இரண்டு குழுவும் பார்த்தது ஒரே சிவப்புதானா என்று தீர்மானிக்க ஓர் உபகுழு அமைக்கப்பட்டது. அது இன்றும் கூடிக்கொண்டிருக்கிறது.

மறுவாரம் மதிப்பாய்வுக் கூட்டத்தில் பிளம்பர் மகள் எழுந்து நடந்ததைச் சொன்னாள். சாயம், மூடி, தவறான இணைப்பு, நாலடி பைப்பு. கோட்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒருங்கிணைப்பாளர் துறைத்தலைவரைப் பார்த்தார். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதைக் கண்டுபிடிச்சது குழுவா?”

“நானும் எங்க அப்பாவும் சார்.”

“அப்பா உன் குழுவுல இருக்காரா?”

“வீட்டுல இருக்கார் சார்.”

“பார்த்தீங்களா!” என்று அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “தனிமனித முனைப்பு. பொறியியலோட முதல் எதிரி. அம்மா, நீ சொல்றது தீர்வு. நாங்க கேட்டது வடிவமைப்பு. தீர்வு வந்துட்டா அதோட முடிஞ்சு போயிடும். வடிவமைப்பு வளரும். பதினாலு வருஷமா வளர்ந்திருக்கு. நூலகத்துல போய்ப் பார்.”

“சார், தண்ணி சுத்தமானா எத்தனை மார்க்?”

ஒருங்கிணைப்பாளர் மதிப்பெண் பட்டியலை எடுத்தார். கூட்டுமுயற்சிக்கு நாற்பது, அறிக்கைக்கு முப்பது, மேடையில் வழங்கும் முறைக்கு இருபது, புதுமைக்குப் பத்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

“அதுக்குன்னு தனியா மார்க் இல்லம்மா” என்றார். மனதறிந்து பொய் சொல்லாத மனிதர்.

நல்லிணக்க அலுவலராக இருந்த மாணவி அன்றே ஓர் அறிக்கை கொடுத்தாள்: ‘ஐயமெழுப்புநர் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவதால் மற்ற உறுப்பினர்களின் பங்களிப்பு உணர்வு புண்படுகிறது.’ ஐந்து பேரும் நல்லிணக்கப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். வாய்க்கால் பக்கத்து அறையில் வட்டமாக உட்கார்ந்து, கையைக் கோத்துக்கொண்டு, ஆழ்ந்து மூச்சிழுத்துவிட வேண்டும். நாற்றம் தாங்காமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு மூச்சிழுத்தார்கள்.

பயிற்சி முடிந்ததும் கோட்டு வரைபடத்தை நீட்டினான். ஐந்து தொட்டி, இரண்டு வடிகட்டி, சூரியத் தகடு. அவள் கையெழுத்துக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“நீ போடலேன்னா நாங்க நாலு பேரும் ஃபெயில். நீயும்தான். முதல் தேதி வேலைக்குப் போகணுமா வேண்டாமா?”

“வாய்க்கால் அப்படியே இருக்குமே.”

“இருந்தா இருந்துட்டுப் போகுது. அது உங்க தெருதானே, பழகியிருப்பீங்க.”

அவள் கையெழுத்துப் போட்டாள். போடும்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டு வாசலில் அந்த ஆடும் கல்லை மிதித்தபோதுதான் உடம்பு கூசியது. அம்மா உள்ளிருந்து, “பார்த்து வாடி” என்றாள்.

தர மதிப்பீட்டுக் குழு வரும் நாள் வந்தது. மூன்று பேர். அவர்கள் கையெழுத்தில்தான் துறையின் மானம் இருந்தது. வளாகம் அமைதியாக இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் முன்பே மற்ற வகுப்புகளுக்கு விடுமுறை விட்டார்கள். கழிவறைகளைக் கழுவி, வாசனை திரவம் தெளித்து, விருந்தினர் தவிர யாரும் நுழையக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள்.

அன்று காலை வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அடிமணல் தெரிந்தது. ஒரு பூனை உள்ளே இறங்கி வெயிலில் கால்நீட்டிப் படுத்திருந்தது.

அரைமணி நேரத்தில் மதிப்பீட்டுக் குழு வந்துவிடும். பன்னிரண்டு வரைபடங்கள், பன்னிரண்டு செயல்மாதிரிகள், ஒரு பூனை. துறைத்தலைவர் ஓடி வந்தார். கழுத்துப்பட்டை தோளுக்கு மேலே பறந்தது.

“எல்லா டாய்லெட்டையும் திறங்க! அறுபது பேரும் போங்க. ஃப்ளஷ் பண்ணுங்க. நிறுத்தாம பண்ணுங்க!”

“எந்த வரிசையில சார்?” என்றான் கோட்டு.

“குழு குழுவா!”

நேரக்காப்பாளர்கள் மணியோடு கழிவறை வாசல்களில் நின்றார்கள். நல்லிணக்க அலுவலர்கள் வரிசைத் தகராறுகளைத் தீர்த்து வைத்தார்கள். பதிவாளர்கள் எண்ணிக்கை குறித்தார்கள். நான்கு வருடத்தில் அந்த அறுபது பேரும் உண்மையாகவே ஒரு குழுவாக வேலை செய்தது அந்த இருபது நிமிடம்தான். வெறும் தண்ணீர் போதாது என்று உணவகத்திலிருந்து கழுநீர் அண்டாவை உருட்டி வந்து கவிழ்த்தார்கள். வாய்க்கால் குமிழியிட்டது. பூனை ஒரே பாய்ச்சலில் மதிலேறி ஓடியது.

பிளம்பர் மகள் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தில் அவள் குழாயைப் பற்றிச் சொன்னபோது துறைத்தலைவர் உண்மையா என்றுகூடக் கேட்கவில்லை, கண்டுபிடித்தது யார் என்றுதான் கேட்டார். இன்று எதைத் திறப்பது என்று யோசிக்கவும் இல்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அம்மாவின் கால் வீங்கிக் கிடந்த இரண்டு மாதமும் தெரிந்திருக்கிறது. மணியைப் பிடுங்கி அவர் மண்டையில் அடிக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வாய்க்காலை எட்டிப் பார்த்தார். “நல்ல அடர்த்தி. எங்கிருந்து வருகிறது?”

துறைத்தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். “எங்களிடமிருந்துதான் ஐயா! வெளியிலிருந்து மாசைத் தேடி அலைகிற கல்லூரிகள் உண்டு. இங்கே மாசும் சொந்தம், மாணவரும் சொந்தம். வேண்டும்போது வரவழைக்கிறோம், வேண்டாதபோது நிறுத்துகிறோம். பதினான்கு வருடத்தில் ஒரு பருவம்கூட எங்களுக்கு மாசுத் தட்டுப்பாடு வந்ததில்லை.”

“இங்கிருந்து எங்கே போகிறது?”

“வெளியே ஐயா.”

தலைவர் ‘வெளியே’ என்று எழுதிக்கொண்டார். சுவரில் தொங்கிய பதினேழாம் விதியையும் நின்று படித்தார். ஐயத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கிற நிறுவனத்தைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை என்றார். ‘உயிருள்ள ஆய்வுக்கூடம்’ என்று பொறித்த கேடயம் வழங்கப்பட்டது. கூடவே ஒரு நிபந்தனை: கேடயம் செல்லுபடியாகும் ஐந்து வருடமும் பதினேழாம் விதியில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது. துறைத்தலைவர் ஆனந்தக் கண்ணீரோடு சம்மதித்தார்.

வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் ஞாயிறு. காலையில் எழுந்து கருவிப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தெருவோர மூடியைத் திறந்தார். அவர் கூப்பிட்டு, சாக்கடை வேலை பார்க்கும் நகராட்சி ஊழியர் ஒருவர் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இது தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ மாத்தியிருப்பேனே” என்று தலையில் அடித்துக்கொண்டு தானும் கூட இறங்கினார். ஒரு எல்போ, நாலடி பைப்பு. சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாய்க்கால் பெருகவில்லை. புதன்கிழமை தெரு காய்ந்தது. எதிர்வீட்டு அத்தை ஜன்னலைத் திறந்தார். அந்த ஜன்னல் திறக்கும் என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா வாசலிலிருந்த மூன்று கற்களையும் பெயர்த்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். ஆடுகிற கல்லைக் கொஞ்சம் வேகமாகவே போட்டாள்.

வியாழக்கிழமை அப்பாவையும் மகளையும் துறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

“துறையின் சொத்து காணாமப் போயிருக்கு” என்றார் துறைத்தலைவர். மேசைமேல் கேடயம் இருந்தது. “கேடயத்துல உயிருள்ளன்னு போட்டிருக்கு. இப்ப உயிர் எங்கே? அடுத்த வருஷம் அறுபது பிள்ளைங்க வர்றாங்க. அவங்க எதைச் சுத்தம் பண்ணுவாங்க? ஒரு தலைமுறையோட கல்வியில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!”

அப்பா பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

“பழையபடி மாட்டிடுங்க. அன்னைக்கே சான்றிதழ் கையில. மத்த நாலு பேரும் நேத்தே வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

“தெரியாம தப்பா மாட்டினது உண்டு சார்” என்றார் அப்பா. “தெரிஞ்சே மாட்டினதில்ல.”

“அப்ப உங்க பொண்ணோட முதல் தேதி?”

அப்பா அவளைப் பார்த்தார். அவள் பிறந்ததிலிருந்து அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. “பாப்பா சொன்னா மாட்டுறேன்” என்றார். சொன்னால் மாட்டிவிடுவார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முதல் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். வாரியத்தின் வெள்ளை அறை, அவள் பெயர் போட்ட மேசை, மாதம் பிறந்தால் சம்பளம், அம்மாவுக்கு நல்ல வைத்தியம். வாசலில் மறுபடி மூன்று கல். அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் கண்ணாடிச் சட்டம் மின்னியது.

“சார், இது வடிவமைப்பு மாற்றம்தானே?”

“ஆமா.”

“அப்ப அஞ்சு பேர் குழு வேணுமே. பதினேழாம் விதியும் வருமே.”

துறைத்தலைவர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார், இல்லை என்று சொல்லுமாறு. அந்த நல்ல மனிதருக்குப் பொய் வராது.

“வரும் சார். வடிவமைப்பு எதுவானாலும் வரும். மாத்தவும் முடியாது, கேடயம் போயிடும். அவ பட்டம் வாங்காததால அவதான் இன்னும் ஐயமெழுப்புநர். மத்த நாலு பேருக்குச் சீட்டுக் குலுக்கணும்.”

மாணவர்கள் யாரும் மிச்சமில்லாததால் துறையிலிருந்தே நால்வர் அமர்ந்தார்கள். ஆய்வக உதவியாளருக்குத் தலைவர் சீட்டு விழுந்தது. இருபத்தாறு வருட வேலையில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஒருங்கிணைப்பாளர் பதிவாளர். பெருக்கும் அம்மாள் நல்லிணக்க அலுவலர். துறைத்தலைவர் நேரக்காப்பாளர். மேசைமணியை அவர் முன்னால் வைத்தார்கள்.

அவள் தன் மூன்று ஐயங்களை எழுப்பினாள்.

“ஒண்ணு. நூத்தி அறுபத்தெட்டு அறிக்கையும் வாய்க்கால் சுத்தமாயிடுச்சுன்னு சொல்லுது. அப்ப எந்த அழுக்குக்குத் திருப்பணும்? ரெண்டு. பழையபடி அழுக்காக்க நாளைக்கு எத்தனை பேர் டாய்லெட் போகணும், அதுக்கு வருகைப்பதிவு உண்டா? மூணு. எங்க தெருவுல வழுக்கி விழறவங்க எந்தக் குழுவுல சேர்த்தி?”

ஒருங்கிணைப்பாளர் மூன்றையும் அழகான கையெழுத்தில் எழுதினார். முதல் ஐயத்துக்குப் பதில் எழுத நூற்று அறுபத்தெட்டு அறிக்கைகளையும் யாராவது படித்தாக வேண்டும். பீரோவைத் திறந்தார்கள். பல அறிக்கைகளில் பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. பிரித்தவை ஒன்றுபோலவே இருந்தன, எழுத்துப் பிழைகள் உட்பட. நேரக்காப்பாளர் மணியடித்தார்.

முதல் தேதி வந்தது, போனது. வாரியம் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டது. அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சமாதானம் சொல்ல யாரும் வரவில்லை. என்ன சொல்வதென்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் அப்பாவோடு வேலைக்குக் கிளம்பினாள். இப்போது அவளே பைப்பு அறுக்கிறாள், மூட்டுப் போடுகிறாள். கை காய்ப்பேறிவிட்டது.

வியாழக்கிழமைகளில் மூன்று மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு துறைக்குப் போவாள். போன வாரம் துறைத்தலைவர் கெஞ்சியே விட்டார்.

“ஒரு கையெழுத்தும்மா. உன் எதிர்காலம் இப்படிப் பாழாகுதே, எனக்கே மனசு கேக்கல.”

“மூணாவதுக்கு இன்னும் பதில் வரல சார்.”

“பேச்சு வேண்டாம், நேரமாச்சு” என்றார் தலைவர் நாற்காலியில் இருந்த ஆய்வக உதவியாளர். “நேரக்காப்பாளரே, மணியடிங்க.”

துறைத்தலைவர் மணியடித்தார்.

அவள் வெளியே வந்து, மதிலைச் சுற்றிக்கொண்டு, காய்ந்த தெருவில் நேராக நடந்தாள். வாசலில் அம்மா செருப்பில்லாமல் நின்று எதிர்வீட்டு அத்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். கேடயத்துக்கு ஆயுள் ஐந்து வருடம், வருடத்துக்கு ஐம்பத்திரண்டு வியாழன். அடுத்த வாரத்துக்கான மூன்று ஐயங்களையும் அவள் எழுதி மடித்து, அப்பாவின் பையில் எல்போக்களுக்கு நடுவே வைத்திருந்தாள்.